போதும் என்று சொல்லும் வரை

ஆகஸ்ட் 5, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறாள். என் மனைவி உலகம்மாள் என்ன சொன்னாள், எதைச் சொல்ல முயன்றாள், அதை மட்டும் எழுதினால் போதுமாம். உலகம்மாள் இன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே எழுத வேண்டியது முடிந்தது.

ஆனால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேட்ட கேள்விக்கு உடனே பதில் வாங்கிப் பழகியவன். பதில் வராவிட்டால் அபராதச் சீட்டைக் கையில் எடுப்பேன், பதில் தானாக வரும். அப்படிப்பட்ட என்னிடம், பாளையங்கோட்டை முழுக்க ஸ்கூட்டரில் சுற்றுகிற இந்த ஜெபக்கனி, என் வீட்டில் உட்கார்ந்து, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே சொல்கிறாள்: "சார், நீங்க ரொம்பப் பேசுதீங்க."

ஜூன் மாதம் உலகம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது. காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். வலது கை பாதி வேலைதான் செய்கிறது. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது, வார்த்தைதான் வாய்க்கு வர மாட்டேன் என்கிறது. இதற்கு இந்தப் பெண் வைத்திருக்கும் வைத்தியத்தைக் கேளுங்கள். காலையில் உலகம்மாள் டம்ளரில் நான் காபி ஊற்ற வேண்டும். அவள் 'போதும்' என்று சொல்லும் வரை நிறுத்தக் கூடாது.

"நெறஞ்சு வழிஞ்சா?" என்றேன்.

"வழியட்டும் சார். தொடச்சிக்கிடலாம்."

துடைப்பது யார் என்று அவள் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஊற்றினேன். அரை டம்ளர் வந்ததும் நிறுத்திவிட்டேன். உலகம்மாள் அரை டம்ளர்தான் குடிப்பாள், கல்யாணமான புதிதிலிருந்தே எனக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தைத் தெரியாத மாதிரி நடிக்க நான் என்ன நாடகக்காரனா?

சமையல்காரி வரவில்லை. ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டது. உலகம்மாள் குறை எதுவும் சொல்லவில்லை என்று எழுத வந்தேன், பிறகுதான் உறைத்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டாள். ஜெபக்கனி உலகம்மாளைப் பார்த்து, "அம்மா, காலையில என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டாள். "இட்லி" என்றேன். "தொட்டுக்கிட என்ன?" "தக்காளிச் சட்னி." "ராத்திரி நல்லா தூங்கினீங்களா?" "எங்க, ரெண்டு தடவ எந்திரிச்சா."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சார், நான் அம்மாட்ட கேக்கேன்."

"அவளால சொல்ல முடியாதுன்னுதானே ஒன்னையக் கூப்பிட்டிருக்கோம்?"

"சொல்ல விட்டாத்தான சார் முடியுமா முடியாதான்னு தெரியும்?"

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வெற்றிலையை விட்ட நாளிலிருந்து வாய்க்கு ஒரு கிராம்பு போடுவது என் வழக்கம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பா இருக்கும். கோபத்தில் அதைத் திறந்தேன். அந்தப் பெண் கண்ணில் அது பட்டுவிட்டது. "நல்லதாப் போச்சு சார். அம்மாட்ட ஒரு கேள்வி கேட்டா ஒடனே ஒரு கிராம்ப வாயில போட்ருங்க. அது காரம் அடங்குத வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. அந்த நேரம் அவங்களுக்கு வேணும்."

கிராம்பு தின்பதற்கும் எனக்கு ஒருத்தி விதி போட வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஓசூரில் இருக்கும் மகன் கிருபாகரன் போன் செய்தான். அங்கே பெரிய மருத்துவ மையம் ஒன்று இருக்கிறதாம். தலையில் மெஷின் மாட்டி, காலையிலிருந்து மாலை வரை பயிற்சி கொடுப்பார்களாம். மூன்றே மாதத்தில் அம்மா கடகடவென்று பேசிவிடுவாள் என்கிறான். தீபாவளிக்கு வரும்போது எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம், இனிமேல் அவனோடேயே இருந்துவிடலாம் என்று எல்லாம் யோசித்து வைத்திருக்கிறான். அதுதான் வைத்தியம், காபி ஊற்றுவது அல்ல. சரி என்று சொல்லிவிட்டேன்.

உலகம்மாளிடமும் உடனே சொன்னேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெயில் கண்ணில் அடித்திருக்கும். எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. தீபாவளி வரைக்கும் இந்தப் பெண் சொன்னதை ஒரு நாள் விடாமல் செய்யப் போகிறேன். 'சார் ஒழுங்கா செய்யல, அதான் வரல' என்று நாளைக்கு அவள் நாக்கு மேல் பல் போட்டுப் பேச இடம் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் செய்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை பார் என்று முகத்துக்கு நேராகக் காட்டுவேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஊற்றினேன். வழிந்தது. துடைத்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஊற்றினேன். வழிந்து அவள் மடிக்குப் போகப் பார்த்தது. நல்லவேளை, காபி ஆறியிருந்தது. துடைத்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மேஜை விரிப்பை எடுத்துவிட்டு ஒரு தாம்பாளத்தை வைத்து, அதற்குள் டம்ளரை வைத்தேன். இது என்னுடைய யோசனை. ஜெபக்கனி பார்த்துவிட்டு, "சூப்பர் சார்" என்றாள். எனக்கு அவளுடைய பாராட்டு ஒன்றும் தேவையில்லை.

வழிகிற காபியைப் பார்த்து உலகம்மாள் இன்று சிரித்தாள். சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தாள். என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது என்று கேட்டுவிட்டு, கிராம்பைப் போட்டுக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தேன். பதில் வரவில்லை. கிராம்பு கசந்து போனதுதான் மிச்சம்.

ஆகஸ்ட் 26, திங்கள்

உதட்டைச் சேர்த்தாள். டம்ளர் விளிம்புக்குக் காபி வந்தபோது இரண்டு உதடும் சேர்ந்தன. சத்தம் வரவில்லை. ஜெபக்கனியிடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதும் அவள் என்னவோ தேர் நிலைக்கு வந்துவிட்டதைப் போலக் கையைத் தட்டினாள்.

"இன்னும் ரெண்டு தடவ சேத்து ஊத்திப் பழக்கட்டுமா?" என்று கேட்டேன். மூன்று வேளையும் ஊற்றினால் மூன்று மடங்கு வேகமாக வருமே என்று ஒரு கணக்கு.

"வேண்டாம் சார். ஒரே நாள்ல போட்டு அமுக்கினா சலிச்சிப் போவாங்க. தெனமும் ஒரு தடவ போதும். ஆனா தெனமும்."

அவசரப்பட்டால் ஆகாதாம். மெதுவாகப் போகிற பாசஞ்சர் வண்டியில் வேலை பார்த்தவனுக்கே பாடம் எடுக்கிறாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

"ப."

இவ்வளவுதான். ஆனால் சத்தத்தோடு வந்தது.

செப்டம்பர் 14, சனி

காபியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால் வீடு நடக்காது. குழாயில் வாஷர் போய்விட்டது. பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறான். போனில் அவனிடம் நான் போட்ட சத்தத்தில் உலகம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

சொல்லிவிட்டாள். டம்ளர் விளிம்பு தட்டும்போது, "போ... து" என்றாள். நான் நிறுத்தவில்லை. முழுசாக வரட்டும் என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன். "போதும்" என்றாள். கெட்டியாக, எரிச்சலோடு சொன்னாள்.

கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனேன். துணி காயப்போட வேண்டியிருந்தது. துணி துவைக்கவே இல்லை என்பது அங்கே போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இப்படி ஒரு வார்த்தை வந்துவிட்டதாலேயே அந்தப் பெண் சொன்னது சரி என்று ஆகிவிடாது. மூன்று மாத மெஷின் இதை மூன்று நாளில் கொண்டுவந்திருக்கும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

தென்காசியிலிருந்து மைத்துனன் தளவாய் வந்திருந்தான். அக்காள் முழு டம்ளருக்குத்தான் 'போதும்' சொல்கிறாள், அரைக்குச் சொல்வதில்லை, மூளையில் அளவு குழம்பிவிட்டது போலிருக்கிறது என்று அவனிடம் வருத்தப்பட்டேன்.

"என்ன அத்தான் சொல்லுதிய? அக்கா எங்க வீட்ல இருக்கும்போது பெரிய டம்ளர்ல ரெண்டு குடிப்பா. எங்க அம்மா ஏசிக்கிட்டே இருப்பா."

என் வீட்டில் அரை டம்ளர்தான் குடித்தாள். எனக்குப் போதும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். டூட்டி முடிந்து நான் எந்த நேரத்துக்கு வந்தாலும் எனக்குக் காபி தயாராக இருக்கும், ஒரு நாளும் இல்லை என்று ஆனதில்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிற ஆள் நானில்லை. பால்காரனிடம் நாளையிலிருந்து கூடுதலாக ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

இப்போது 'வேண்டாம்', 'தண்ணி', 'ஃபேன்' எல்லாம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு கிராம்பு தின்ன வேண்டியிருக்கிறது. நாக்கு மரத்துவிட்டது. தெருவில் யாராவது கேள்வி கேட்டால்கூடக் கை தானாக டப்பாவுக்குப் போகிறது. ரேஷன் கடையில் ஒருவர் மணி கேட்டார், நான் பேசாமல் நின்றேன், அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஓசூர் போகிற விஷயத்தை ஜெபக்கனியிடம் சொன்னேன். "அம்மாட்ட கேட்டீங்களா சார்?" என்றாள்.

"அவளுக்குச் சம்மதம்தான்."

"சொன்னாங்களா?"

"எனக்குத் தெரியும்மா."

கைப்பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். அவள் பேசாமல் போனதுதான் அதிகக் கோபத்தைக் கிளப்பியது.

அக்டோபர் 14, திங்கள்

இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

இன்று பரீட்சை. போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது யார் என்று ஜெபக்கனி கேட்டாள். மகன் போட்டோவுக்குக் "கிருவா" என்றாள் உலகம்மாள். தம்பியைப் பார்த்ததும் "தளவாய்" என்று பிசிறில்லாமல் வந்தது. அடுத்தது நான். பணி ஓய்வு நாளில் மாலையோடு எடுத்த போட்டோ. பார்த்தாள், லேசாகச் சிரித்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஒரு கிராம்பு முடிந்து இரண்டாவதும் போட்டேன். அவள் வாயைத் திறக்கவில்லை. ஜெபக்கனி தன் தாளில் ஒரு முட்டை போட்டாள்.

"ஏம்மா, எந்த ஊர்ல பொண்டாட்டி புருஷன் பேரச் சொல்லுவா? அதுக்குப் போயி முட்டை போடுத?"

"எங்க அம்மா எங்க அப்பாவ ஸ்டீபன்னுதான் சார் கூப்பிடுவாங்க."

"அது ஒங்க வீட்ல. இவளுக்குச் சித்தி ஊரு ஆவுடையானூர். எம் பேரு ஆவுடையப்பன். கல்யாணமான நாள்ல இருந்து அந்த ஊரு பேரக்கூட இவ சொன்னதில்ல. சித்தி ஊருன்னுதான் சொல்லுவா. ஆஸ்பத்திரியில, ரேஷன் ஆபீஸ்ல எல்லாம் வீட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டா, பக்கத்துல நிக்கித பொம்பளையச் சொல்லச் சொல்லுவா. அந்த மார்க்கப் போடு."

ஜெபக்கனி பேனாவை மூடினாள். "மார்க்குக்காக இல்ல சார். பேரு தெரிஞ்சு சொல்லாம இருக்காங்களா, மறந்து போயி சொல்லாம இருக்காங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியுமா?"

மூன்றாவது கிராம்பையும் வாயில் போட்டுக்கொண்டேன். கிராம்பு வாயில் இருந்தால் பேசக் கூடாது என்பது அவள் போட்ட விதிதானே.

அக்டோபர் 16, புதன்

பழைய ரயில்வே அடையாள அட்டையை எடுத்துத் துடைத்தேன். பெரிய எழுத்தில் பெயர் இருக்கிற அட்டை. டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், பெட்டிக்குள் கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும். வாசலில் உள்ள பெயர்ப் பலகைக்கும் பெயிண்ட் அடித்தேன். தீபாவளி வருகிறது அல்லவா. உலகம்மாள் தினமும் அந்த வழியாகத்தான் நடைப்பயிற்சிக்குப் போகிறாள் என்பது வேறு விஷயம்.

அக்டோபர் 18, வெள்ளி

அட்டையை அவள் பார்க்கவே இல்லை. அல்லது பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள்.

தம்பி பேர் மட்டும் எப்படி வருகிறது? ஓடுகிற ரயிலில் இரவெல்லாம் கண் விழித்து இந்தக் குடும்பத்துக்காக உழைத்தவன் யார், தளவாயா? எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நியாயத்தைத்தான் கேட்கிறேன்.

அக்டோபர் 21, திங்கள்

போதும் இந்தக் கூத்து. தீபாவளி முடிந்தால் மெஷின் இருக்கிறது. நேற்றிலிருந்து அரை டம்ளர் காபியை அடுக்களையிலேயே ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன். தாம்பாளத்தைக் கழுவிப் பரணில் போட்டாயிற்று. கிராம்பு டப்பாவும் அலமாரிக்குப் போய்விட்டது.

அக்டோபர் 23, புதன்

காலையில் அரை டம்ளர் காபியை அவள் முன்னால் வைத்துவிட்டுப் பேப்பரை விரித்தேன். சற்று நேரத்தில் வாஷ்பேசினில் ஏதோ கொட்டும் சத்தம். பேப்பரை இறக்கிப் பார்த்தால் நாற்காலியில் ஆளைக் காணோம். காபியைக் கொட்டிவிட்டு, காலி டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு, சுவரில் தோளை உரசியபடி காலை இழுத்து இழுத்து அடுக்களைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஓடினேன். விழுந்தால் யார் தூக்குவது?

டம்ளரை அடுப்பு மேடையில் நங்கென்று வைத்தாள். என்னைப் பார்த்தபடி நின்றாள்.

"என்னளா, இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்றேன். டப்பா அலமாரியில் இருந்தது. வெறும் வாயோடு காத்திருந்தேன். அது இன்னும் கஷ்டம்.

"ஊத்து... ங்க" என்றாள்.

ஊற்றினேன். விளிம்பு தட்டியது. வேண்டுமென்றே ஒரு வாய் வழியவிட்டாள், எனக்கு நிச்சயமாகத் தெரியும், அதன் பிறகுதான் "போதும்" என்றாள்.

மேடையை நான் துடைத்தேன். அலமாரியிலிருந்து கிராம்பு டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பரணிலிருந்து தாம்பாளத்தை இறக்கும்போது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இதற்கும் அந்தப் பெண்தான் பொறுப்பு.

அக்டோபர் 30, புதன்

கிருபாவும் மருமகளும் வந்துவிட்டார்கள். அம்மா சொல்கிற வார்த்தைகளைக் கேட்டு அவனுக்குச் சந்தோஷம். ஆனால் அவள் "த..." என்று ஆரம்பித்தாலே "தண்ணியாம்மா?" என்று முடித்துவிடுகிறான். இரண்டு முறை பொறுத்துக்கொண்டேன். இவ்வளவு அவசரம் யாரிடமிருந்து வந்ததோ தெரியவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

தீபாவளிக்கு மறுநாளான இன்று தளவாயும் வந்திருந்தான். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருந்தோம். கிருபா செல்போனில் அந்த மையத்தின் படங்களைக் காட்டினான். ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாம், கார் சொல்லியாயிற்று என்றான். வீட்டுக்கு வாடகைக்காரர் கிடைத்துவிட்டதாகத் தளவாய் சொன்னான்.

"அம்மாக்கு ஓகேதானப்பா?" என்றான் கிருபா. என்னிடம்தான் கேட்டான்.

நான் தளவாய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "அவளுக்கென்ன, பேரப்பிள்ள பொறந்தா பாத்துக்கிட்டு அங்கேயே இருந்துருவா. இந்த வீட்டுல என்ன இருக்கு? ஆகஸ்ட்லயே அவகிட்ட சொல்லிட்டேன். அவளுக்குச் சம்மதம்தான். எனக்குத் தெரியாதா அவளப் பத்தி? அவ மனசுல என்ன நினைக்கான்னு..."

"போதும்."

டம்ளரைப் பார்த்தேன். பாதிகூட நிறையவில்லை. அவள் டம்ளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, பழக்க தோஷம், ஊற்றுகிற சத்தம் கேட்டுச் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, "அதான் சொல்லுதேன், ஞாயித்துக்கிழம..." என்று தொடர்ந்தேன்.

உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "ஆ..." என்றாள். கிருபா, "ஆஸ்பத்திரியாம்மா?" என்றான். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. "ஆவு..."

தளவாய் சோற்றில் வைத்த கையை அப்படியே வைத்திருந்தான்.

"ஆவுடையப்பன்" என்றாள். "போதும்."

நாற்பது வருஷத்தை நெருங்கும் குடும்ப வாழ்க்கையில், பெற்ற பிள்ளை, மருமகள், மைத்துனன் எல்லோர் முன்னிலையிலும், என் பேரைச் சொல்லி என்னை வாயை மூடச் சொன்னாள். தெரிந்துதான் இருந்திருக்கிறாள். இவ்வளவு நாளும் ஒரு எழுத்து பிசகாமல் உள்ளே வைத்துக்கொண்டு, அந்த அடையாள அட்டையையும் பார்த்துக்கொண்டு, பேசாமல் இருந்திருக்கிறாள்.

செம்பைக் கீழே வைத்தேன். அவள் மூச்சு வாங்கினாள். "நான்..." என்றாள். பிறகு வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. கிருபா பொறுக்க முடியாமல், "நான் வர்றேன்னு சொல்றியாம்மா?" என்று வாயைத் திறந்தான்.

பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். ஒரு கிராம்பை என் வாயில் போட்டுக்கொண்டேன். டப்பாவை அவன் பக்கம் தள்ளினேன். அவன் முழித்தான். "போடுல வாயில" என்றேன். தளவாயும் கேட்காமலே ஒன்றை எடுத்துக்கொண்டான்.

கிராம்பின் காரம் ஏறி, இறங்கி, அடங்கிவிட்டது. சோறு காய்ந்தது.

"நான்... இங்க" என்றாள் உலகம்மாள். மேஜையை இடது கையால் ஒரு தட்டு தட்டினாள். "இங்க இருக்கேன்."

நவம்பர் 2, சனி

கிருபா காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வாடகைக்காரருக்குத் தளவாய் பதில் சொல்ல வேண்டும், சொல்லட்டும், அவன்தானே கூட்டிவந்தான்.

இன்று சனிக்கிழமை, ஜெபக்கனி வருகிற நாள் இல்லை. ஆனாலும் போன் போட்டேன். அந்த முட்டையை அடித்துவிட்டு மார்க் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். பேரைச் சொன்னாளா என்று கேட்டாள். சொன்னாள் என்றேன். எப்படிச் சொன்னாங்க சார், எந்தச் சந்தர்ப்பத்துல என்று கேட்டாள். அது உனக்குத் தேவையில்லாத விஷயம் என்றேன். சிரிக்கிறாள்.

காலையில் காபி ஊற்றினேன். விளிம்பு தட்டியது. 'போதும்' வந்தது. கெட்டிலை வைத்துவிட்டு, நேற்றிலிருந்து மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏளா, எம் பேரச் சொல்ல ஒனக்கு இவ்வளவு நாள் ஆச்சா?"

டப்பாவைத் திறந்தேன். காலி. நேற்று மூன்று பேருமாகத் தின்று தீர்த்துவிட்டோம். வெறும் வாயோடு உட்கார்ந்திருந்தேன். அவள் காபியை மெதுவாக, முழு டம்ளரையும் குடித்து முடித்தாள். டம்ளரை வைத்தாள். வாயைத் துடைத்தாள்.

"நீங்க" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. "இப்பத்தான... கேட்டிய."

கடைக்குப் போகிறேன். கிராம்பு வாங்க வேண்டும்.